பாரம் போகும் பாதை: பழைய தோட்ட டிராக்டரும் புதிய பிராக்கெட்டும்

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் ஒரு வகைக் குட்டி டிராக்டர் உண்டு. நம் வயல்களில் உழும் டிராக்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அதன் பின் டயர் உயரம்தான் இருக்கும். வீட்டைச் சுற்றி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் புல் வெட்டவும், காய்கறித் தோட்டம் உழவும், பனிக்காலத்தில் வாசலில் குவிந்த பனியைத் தள்ளவும் இதைத்தான் நம்பியிருந்தார்கள். பெயர் கார்டன் டிராக்டர், தோட்ட டிராக்டர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து நகரங்களைச் சுற்றிப் புறநகர்கள் பரவியபோது இதற்குச் சந்தை உண்டானது. 1946-இல் எல்மர் பாண்ட் என்பவர் இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் வீல் ஹார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1961-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கப் கேடட் டிராக்டரைச் சந்தையில் இறக்கியது. 1963-இல் ஜான் டியர் 110 வந்தது. கப் கேடட்டின் முதல் மாடல், ஜான் டியர் 110 இரண்டிலும் இருந்தது 7 குதிரைத்திறன் கொண்ட கோலர் ஒற்றை சிலிண்டர் எஞ்சின். கனத்த இரும்புச் சட்டம், வார்ப்பிரும்புக் கியர் பெட்டி, எளிய பற்றவைப்பு முறை. உடைவதற்கு அதிகம் ஒன்றும் இல்லாததால், 60 ஆண்டு கழித்தும் இவற்றில் பல ஓடிக்கொண்டிருக்கின்றன.

சிக்கல் வேறு இடத்தில்: டிராக்டர் இருக்கிறது, அதற்கென்று செய்த கலப்பையும் பனித்தள்ளியும் இல்லை. கப் கேடட் 1981-இல் எம்டிடி நிறுவனத்துக்குக் கைமாறியது. வீல் ஹார்ஸை 1986-இல் டோரோ வாங்கிக்கொண்டது. பழைய மாடல்களுக்கான அசல் துணைக்கருவிகள் தயாரிப்பிலிருந்து போய்விட்டன. ஆகவே உரிமையாளர்கள் வேறு நிறுவனங்கள் செய்யும் பிராக்கெட்டுகளை வாங்கிப் பொருத்துகிறார்கள். இல்லையென்றால் பட்டறையில் தாங்களே வெட்டி ஒட்டிக்கொள்கிறார்கள். டிராக்டரையும் கருவியையும் இணைக்கும் இந்த இரும்புத் துண்டை வாங்கும்போது பலரும் பார்ப்பது அது எவ்வளவு தடிமன் என்பதை. பார்க்க வேண்டியது அது எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை.

ஆளுக்கொரு பூட்டு

முதலில் ஒரு வித்தியாசத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். புல் வெட்டும் டிராக்டர் வேறு, தோட்ட டிராக்டர் வேறு. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். புல் வெட்டும் டிராக்டரின் உடல் அச்சில் அழுத்தி மடித்த மெல்லிய தகடு. கியர் பெட்டியும் இலேசானது. அது இழுக்க வேண்டியது தன்னையும் தன் மேல் உட்கார்ந்திருப்பவரையும்தான். மண்ணைக் கிழிக்கும் எந்தக் கருவியையும் அதில் மாட்டக்கூடாது. தோட்ட டிராக்டரின் சட்டம் கனமானது, பின் டயர் பெரியது. பெரும்பாலும் 23 அங்குல விட்டமுள்ள டயர், 12 அங்குல விளிம்பு. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது மட்டுமே.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் டிராக்டருக்குத் தனி இணைப்பு வைத்திருந்தது. ஒருவரின் கருவி இன்னொருவரின் டிராக்டரில் ஏறாது. வாடிக்கையாளரைக் கட்டிப்போட அது ஒரு வழி. இதற்கிடையே ஓரளவு பொதுவாக நிலைத்தது ஸ்லீவ் ஹிட்ச். 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே கலப்பை செய்துவந்த கென்டக்கி நிறுவனமான பிரின்லியின் கருவிகளோடு இது பரவியது. டிராக்டரின் பின்னால் மேலும் கீழும் ஆடும் ஒரு சட்டம். அதில் கருவியின் கழுத்தை ஒரே ஒரு இரும்பு முளையால் கோர்க்க வேண்டும். எளிது, மலிவு. நெம்புகோலை இழுத்தால் கருவி தூக்கிக்கொள்ளும்.

இன்னொன்று மூன்று புள்ளி இணைப்பு. கீழே இரண்டு கரங்கள், மேலே நடுவில் ஒரு கம்பி. நம் ஊர் ஓட்டுநர்கள் டாப் லிங்க் என்று சொல்வது இந்த மேல் கம்பியைத்தான். உலகம் முழுக்க இதற்கு அளவு வகுத்திருக்கிறார்கள். தோட்ட டிராக்டர்களுக்கு உரியது கேட்டகரி 0: கீழ்க் கரங்களின் இடைவெளி சுமார் 20 அங்குலம், முளையின் விட்டம் 5/8 அங்குலம். அதற்கு அடுத்தது கேட்டகரி 1: இடைவெளி சுமார் 26 அங்குலம், கீழ் முளை 7/8 அங்குலம், மேல் முளை 3/4 அங்குலம். கேட்டகரி 1 கருவிகள் பழைய சந்தையில் ஏராளமாகக் கிடைக்கும் என்பதால் தோட்ட டிராக்டரிலும் அதையே மாட்ட ஆசை வரும். முளை பொருந்துவதற்கு அளவுமாற்றும் குழாய் கிடைக்கும். ஆனால் அந்தக் கருவியின் எடையும் அது கேட்கும் இழுப்பும் இரண்டு மூன்று மடங்கு பெரிய டிராக்டருக்காக வகுத்தவை. முளை பொருந்திவிட்டதால் கருவியும் பொருந்திவிட்டதாக ஆகாது.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டைகளைப் பின்னால் அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும். முன்னால் அடுக்கினால் மாடு திணறும். டிராக்டருக்கும் இதே கணக்குத்தான்.

எண்களை வைத்தே பார்க்கலாம். ஓட்டுபவரோடு சேர்த்து 350 கிலோ எடையுள்ள ஒரு தோட்ட டிராக்டரை எடுத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.2 மீட்டர். எடையில் 120 கிலோ முன் சக்கரங்களிலும் 230 கிலோ பின் சக்கரங்களிலும் இருக்கிறது. பின்னால் 60 கிலோ கருவி ஒன்றைத் தூக்கி நிறுத்துகிறோம். கருவியின் ஈர்ப்பு மையம் பின் அச்சிலிருந்து 75 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. பின் அச்சை ஆதாரமாக வைத்துத் திருப்புத்திறனைக் கணக்கிட்டால், 60 கிலோவை 0.75-ஆல் பெருக்கி 1.2-ஆல் வகுக்க வேண்டும். விடை 37.5 கிலோ. அவ்வளவு எடை முன் சக்கரங்களிலிருந்து கழன்றுவிடுகிறது. முன்னால் மிஞ்சுவது 82.5 கிலோ.

ஸ்டீயரிங் சொன்னபடி கேட்க வேண்டுமானால் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரங்களில் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. இப்போது மொத்தம் 410 கிலோ; ஐந்தில் ஒன்று 82. கத்தி முனையில் நிற்கிறோம். இந்த இடத்தில், கருவியை மாட்ட வசதியாக 30 சென்டிமீட்டர் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிராக்கெட்டைப் பொருத்தினால் என்ன ஆகும்? கருவி அதே 60 கிலோதான். ஆனால் தூரம் 1.05 மீட்டராகிவிட்டது. முன்னாலிருந்து கழலும் எடை 52.5 கிலோ, மிஞ்சுவது 67.5. மேட்டில் ஏறும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன் சக்கரம் மண்ணில் வழுக்கும், வண்டி நேரே போகும். பிராக்கெட் உடையவில்லை, வளையவில்லை. நீளம் மட்டுமே வேலையைக் கெடுத்தது.

முன்னால் எடைக்கட்டி மாட்டுவது இதற்கு மருந்து. ஆனால் முதல் மருந்து, கருவியை டிராக்டரோடு ஒட்டி வைக்கும் பிராக்கெட்டைத் தேர்ந்தெடுப்பது.

குதிரைத்திறன் போதும், பிடிமானம் போதாது

கருவியை மண்ணில் இறக்கி இழுக்கத் தொடங்கியதும் இன்னொரு கணக்கு சேர்ந்துகொள்கிறது. 10 அங்குல அகலக் கலப்பை ஒன்று 6 அங்குல ஆழத்தில் உழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது வெட்டும் மண்ணின் குறுக்குவெட்டு 60 சதுர அங்குலம். நடுத்தரமான மண், சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு அளவில் எதிர்க்கும். மொத்தம் 360 பவுண்டு, ஏறக்குறைய 160 கிலோ இழுப்பு. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இதை இழுக்கத் தேவைப்படுவது சுமார் 2 குதிரைத்திறன்தான். 7 குதிரைத்திறன் எஞ்சினுக்கு இது பெரிய விஷயமே இல்லை.

அப்படியானால் ஏன் சக்கரம் ஒரே இடத்தில் சுற்றுகிறது? உழுத மண்ணில் ரப்பர் டயர் தன் மேல் உள்ள எடையில் சுமார் பாதி அளவுக்குத்தான் இழுவை தரும். பின் சக்கரத்தில் 230 கிலோ. அதில் பாதி 115. தேவை 160. கலப்பையை 30 சென்டிமீட்டர் உயரத்தில் இழுத்தால், இழுப்பே 40 கிலோவை முன்னிருந்து பின்னுக்கு மாற்றித் தரும். 270 ஆயிற்று, பாதி 135. இன்னும் போதவில்லை. சக்கரத்துக்கு 25 கிலோவாக இரண்டு வார்ப்பிரும்பு எடைகளைப் போட்டால் 320, பாதி 160. கணக்கு நேராயிற்று.

தோட்ட டிராக்டர்காரர்கள் சக்கர எடைகளுக்காக அலைவது இதனால்தான். டயருக்குள்ளேயே தண்ணீர் நிரப்புவதும் உண்டு. குளிர்காலத்தில் உறையாமலிருக்கவும் எடை கூடவும் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். அது இரும்பு விளிம்பை அரித்துவிடும். அதனால் இப்போது சர்க்கரைக் கிழங்கு ஆலையில் மிஞ்சும் சாற்றை நிரப்பும் வழக்கம் வந்திருக்கிறது. அது உறையாது, அரிக்காது, தண்ணீரைவிடக் கனம்.

இனி ஆபத்தான பக்கத்துக்கு வருவோம். கீழே இணைப்பு இல்லையே என்று சிலர் இருக்கைக்குப் பின்னால், மட்கார்டு உயரத்தில் ஒரு வளையத்தை வெல்டிங் செய்து அதில் சங்கிலியைக் கட்டுவார்கள். முன் சக்கரத்தைத் தரையில் அழுத்திப் பிடித்திருக்கும் திருப்புத்திறன் 120 கிலோவை 1.2 மீட்டரால் பெருக்கிய அளவு, 144. இழுக்கும் உயரம் 30 சென்டிமீட்டர் என்றால் முன்பக்கத்தைத் தூக்க 480 கிலோ இழுப்பு வேண்டும். இந்த டிராக்டரால் அது முடியாது. அதற்குள் சக்கரம் வழுக்கிச் சுற்றத் தொடங்கிவிடும். அந்த வழுக்கல்தான் காப்பு. அதே இழுப்பை 90 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டினால் 160 கிலோவே போதும். முழு எடையும் பின் சக்கரத்துக்கு வந்துவிட்ட நிலையில் டயர் தரக்கூடிய இழுவை 175 கிலோ. வழுக்குவதற்கு முன்பே முன்பக்கம் எழும்பிவிடும்.

டிராக்டர் பின்னோக்கிக் கவிழ்வது கண் இமைக்கும் வேகத்தில் நடக்கிற விபத்து. திரும்பி வர முடியாத கோணத்தை எட்ட முக்கால் நொடி போதும் என்று அமெரிக்க வேளாண் பாதுகாப்புக் கையேடுகள் எச்சரிக்கின்றன. ஓட்டுபவர் கிளட்ச்சை மிதிக்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பழைய தோட்ட டிராக்டர்களில் கவிழ்ந்தால் காக்கும் இரும்பு வளைவும் கிடையாது. ஆகவே இழுக்கும் புள்ளி எப்போதும் பின் அச்சின் மையத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கு இல்லை.

ஃபெர்குசனின் மேல் கம்பி

இந்தக் கவிழும் ஆபத்தை அறிவால் வென்ற கதை ஒன்று உண்டு. 1917-இல் வெளிவந்த ஃபோர்ட்சன் டிராக்டர், கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டினால் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் கவிழும் என்று பெயர் வாங்கியிருந்தது. அப்போது கலப்பையைச் சங்கிலிபோல் டிராக்டருக்குப் பின்னால் இழுத்துச் சென்றார்கள். அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் 1884-இல் பிறந்த ஹாரி ஃபெர்குசன் வேறு மாதிரி யோசித்தார்: கலப்பையும் டிராக்டரும் ஒரே உடலாக இருந்தால் என்ன?

அவர் படிப்படியாகச் செப்பனிட்டு வந்து சேர்ந்த வடிவம்தான் மூன்று புள்ளி இணைப்பு. கீழ்க் கரங்கள் இரண்டும் கலப்பையை இழுக்கின்றன. மண் கொழுவைப் பின்னோக்கித் தள்ளும்போது, கலப்பை கீழ் முளைகளைச் சுற்றி முன்னோக்கிக் கவிழப் பார்க்கிறது. அந்தக் கவிழ்ப்பை மேல் கம்பி தாங்குகிறது. அதாவது மேல் கம்பி இழுக்கவில்லை. டிராக்டரை முன்னோக்கித் தள்ளுகிறது. அச்சுக்கு மேலே கிடைக்கும் அந்தத் தள்ளு முன்பக்கத்தைத் தரையோடு அழுத்துகிறது. கலப்பை பாறையில் முட்டினால் இழுப்பு கூடும். கூடிய அதே நொடியில் தள்ளும் கூடும். மேல் கம்பியையும் கீழ்க் கரங்களையும் முன்னோக்கி நீட்டிக் கோடு போட்டால் அவை டிராக்டரின் முன்பகுதியில் சந்திக்கும். கலப்பை பின்னால் இருந்தாலும் அந்தச் சந்திப்புப் புள்ளியில் கட்டி இழுப்பது போலவே நடந்துகொள்கிறது. மேல் கம்பியில் ஏறும் அழுத்தத்தை வைத்தே ஹைட்ராலிக்கை இயக்கி, ஆழத்தைத் தானாகச் சரிசெய்யும் முறைக்கு ஃபெர்குசன் 1926-இல் காப்புரிமை பெற்றார்.

1938-இல் அவர் ஹென்றி ஃபோர்டைச் சந்தித்துத் தன் இணைப்பை இயக்கிக் காட்டினார். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை, கைகுலுக்கல் மட்டும். அடுத்த ஆண்டே ஃபோர்டு 9என் டிராக்டர் வந்தது. ஹென்றி ஃபோர்டின் பேரன் காலத்தில் அந்தக் கைகுலுக்கல் முறிந்து வழக்கானது. 1952-இல் ஃபெர்குசனுக்கு 92.5 இலட்சம் டாலர் கொடுத்து ஃபோர்டு சமாதானமானது. 1953-இல் ஃபெர்குசனின் நிறுவனம் மாஸி ஹாரிஸுடன் இணைந்து பின்னாளில் மாஸி ஃபெர்குசன் ஆனது. அதன் கூட்டுறவோடுதான் 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் பிறந்தது. தமிழ்நாட்டில் 9 கொத்துக் கலப்பையோ சட்டிக் கலப்பையோ மாட்டி ஓடும் டிராக்டரின் பின்னால் இருப்பது ஃபெர்குசன் வகுத்த முக்கோணமே.

தோட்ட டிராக்டருக்குக் கேட்டகரி 0 இணைப்பை வாங்கிப் பொருத்துகிறவர் இந்த இயற்பியலையும் சேர்த்தே வாங்குகிறார். மேல் கம்பி பிடிக்கும் காது தள்ளு விசையைத் தாங்க வேண்டும். அதை மட்கார்டுத் தகட்டிலோ இருக்கைச் சட்டத்திலோ பொருத்தினால் தகடு மடங்கும். கியர் பெட்டியைப் பிடித்திருக்கும் கனத்த தகட்டிலிருந்து அது எழும்ப வேண்டும்.

கருவியைத் தூக்கப் பலரும் இப்போது 12 வோல்ட் மின்சாரத்தில் நீண்டு சுருங்கும் தண்டைப் பொருத்துகிறார்கள். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. தண்டை நேராகக் கரத்தில் இணைத்துவிட்டால் கருவி மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்காது; விறைத்து நிற்கும். மேட்டில் ஏறும்போது கருவியே டிராக்டரின் பின்பக்கத்தைத் தூக்கிவிடும், சக்கரம் பிடிமானம் இழக்கும். இடையில் ஒரு சங்கிலியோ, நீள் துளை போட்ட பட்டையோ வைத்தால் கருவி தன் எடையில் மண்ணைத் தொடர்ந்து போகும்.

முன்னால் மாட்டினால்

பனித்தள்ளும் பலகையும் மண்ணள்ளும் லோடரும் முன்னால் வருபவை. லோடரின் கணக்கு பலரை ஏமாற்றும். முன் அச்சிலிருந்து 60 சென்டிமீட்டர் முன்னால் வாளியில் 70 கிலோ மண். முன் அச்சில் ஏறுவது 70 அல்ல, 105 கிலோ. மீதி 35 கிலோ பின் சக்கரத்திலிருந்து கழன்று வருகிறது. முன் அச்சு பெரும்பாலும் நடுவில் ஒரே முளையில் தொங்கும் வார்ப்பிரும்புத் துண்டு. அந்த முளையும் சக்கர புஷ்ஷும் 60 ஆண்டுத் தேய்மானத்தோடு இருப்பவை. இன்னொன்று: இந்த டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும்தான். முன்னால் பாரம் ஏற்றிச் சரிவில் இறங்கும்போது பின்பக்கம் இலேசாகும். பிரேக் பிடித்தாலும் வண்டி சறுக்கிக்கொண்டு போகும். லோடர் மாட்டினால் பின்னால் எதிர்எடை கட்டாயம் என்பது இதனால்தான்.

டிராக்டர் சட்டத்தின் முன்பகுதி எஞ்சினைச் சுமப்பதற்காகச் செய்தது. அங்கே நான்கு போல்ட் போட்டு லோடரைத் தொங்கவிட்டால் சட்டம் நாளடைவில் கிழியும். நல்ல லோடர்களுக்குத் தனி அடிச்சட்டம் இருக்கும். அது டிராக்டரின் அடியில் நீண்டு பின் அச்சுவரை போய் அங்கே பிடித்துக்கொள்ளும். பனித்தள்ளியின் தள்ளுகரங்களும் அப்படியே பின்னோக்கி நீள வேண்டும்.

பனித்தள்ளியின் சுருள்வில்லையும் கழற்றிப் போட்டுவிடக் கூடாது. 400 கிலோ எடையோடு நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் போகும் வண்டியின் இயக்க ஆற்றல் 450 ஜூல். பனிக்கு அடியில் மறைந்திருக்கும் நடைபாதைக் கல்லில் பலகை முட்டி ஒரு சென்டிமீட்டருக்குள் வண்டி நின்றால், இணைப்பில் சராசரியாக ஏறும் விசை நான்கரை டன். வில் விரிந்து பலகை 10 சென்டிமீட்டர் மடங்கிக் கொடுத்தால் அது 450 கிலோ ஆகிவிடும்.

போல்ட்டா, வெல்டிங்கா

பழைய டிராக்டர் என்றால் போல்ட்தான் நல்லது. கழற்றலாம், இடம் மாற்றலாம், அசல் வண்டிக்குச் சேதமில்லை. ஆனால் போல்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தகடு நகராமல் இருப்பது போல்ட் குறுக்கே நிற்பதால் அல்ல. போல்ட் இரு தகடுகளையும் இறுக்கி உண்டாக்கும் உராய்வால். அரை அங்குல கிரேடு 5 போல்ட் ஒன்றை முறையாக இறுக்கினால் அது சுமார் 4,000 கிலோ விசையோடு தகடுகளை அழுத்தும். உலர்ந்த இரும்பின் உராய்வில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தாலும் ஒரு போல்ட் 800 கிலோவைத் தாங்கும். இடையில் பெயின்ட்டும் கிரீஸும் துருவும் இருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். பெயின்ட் நாளடைவில் நசுங்கும், இறுக்கம் குறையும், தகடு ஆடத் தொடங்கும், துளை நீள்வட்டமாகும். ஆகவே தொடும் பரப்புகளைச் சுரண்டி வெறும் இரும்பாக்கி மாட்ட வேண்டும். ஒரு மணி நேரம் ஓட்டியதும் மறுபடி இறுக்க வேண்டும். நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு இழுத்து வைத்தால் தளர்வது கண்ணுக்குத் தெரியும்.

போல்ட் தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. எதுவுமே இல்லாத போல்ட்டை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். பழைய அமெரிக்க டிராக்டரில் எல்லாம் அங்குல அளவு. அரை அங்குலத் துளை என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 12 மில்லிமீட்டர் போல்ட்டைப் போட்டால் ஆட்டம் தொடக்கத்திலேயே வந்துவிடும்.

புதுத் துளை போட வேண்டியிருந்தால் இடம் பார்த்துப் போட வேண்டும். சேனல் இரும்பு வளையும்போது தகைவு முழுக்க மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஏறும். நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. அகன்ற தகட்டை இழுக்கும்போது அதிலுள்ள வட்டத் துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும் என்று ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898-லேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். ஆகவே துளை சேனலின் நடு உயரத்தில் வரட்டும், விளிம்பில் வேண்டாம். தொழிற்சாலை ஏற்கெனவே போட்டுவைத்த துளைகள் இருந்தால் அவையே முதல் தேர்வு.

தடிமனைப் பற்றியும் ஒரு சொல். 50 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட பட்டை இரும்பைப் படுக்கவைத்து மேலே பாரம் ஏற்றுங்கள். பிறகு அதையே செங்குத்தாக நிறுத்தி ஏற்றுங்கள். நிறுத்திய பட்டை ஐந்து மடங்கு வலிமை, இருபத்தைந்து மடங்கு விறைப்பு. இரும்பு ஒரு கிராம்கூடக் கூடவில்லை. எடையைச் சேர்க்காமல் வலிமையைச் சேர்க்கும் வழி இது. மலிவான பிராக்கெட்டுகளில் பட்டை படுத்தே கிடக்கும்.

வெல்டிங் செய்யத்தான் வேண்டும் என்றால் பிராக்கெட்டைத் தனியே கழற்றி வைத்துச் செய்வது உத்தமம். கியர் பெட்டியின் வார்ப்பிரும்பு உடலில் வெல்டிங் வைக்கவே கூடாது. கரிமம் மிகுந்த அந்த இரும்பு சூடாகிக் குளிரும்போது ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிபோல் கடினமாகி விரிசல் விடும். உள்ளே எண்ணெய் சீல்களும் கருகும். டிராக்டரிலேயே சட்டத்தில் ஒட்ட நேர்ந்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, எர்த் கவ்வியை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். தூரத்தில் போட்டால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் பரப்பைக் குழி குழியாக்கிவிடும். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பாக இருந்தால் பூச்சைச் சுரண்டிவிட்டுத்தான் தொட வேண்டும். அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும்.

வாங்கும் முன்

பிராக்கெட் வாங்குகிறவர் முதலில் ஒரு நாடாவை எடுத்து டிராக்டரை அளக்கட்டும். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு துளைகளின் இடம் மாறியிருக்கலாம். அட்டையிலோ பலகையிலோ ஒரு மாதிரி வெட்டி மாட்டிப் பார்ப்பது நல்லது: கருவி மேலே வரும்போது டயரில் இடிக்கிறதா, கீழே இறங்கும்போது பெல்ட்டில் உரசுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். அதன்பின் கருவியைத் தூக்கி நிறுத்தி, சமதரையில் முன் சக்கரங்களை எடைத்தட்டில் வைத்துப் பார்க்கலாம். ஐந்தில் ஒரு பங்கு விதி அங்கேயே சோதனையாகிவிடும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. இழுப்பு தரையிலிருந்து எந்த உயரத்தில் வருகிறது? கருவியின் எடை அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது? அந்த விசை எந்தெந்தப் போல்ட் வழியாகச் சட்டத்துக்குள் போகிறது? இரும்பின் தடிமனைப் பெருமையாகச் சொல்லி இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாதவரிடம் பிராக்கெட் வாங்காதீர்கள். பழைய டிராக்டர் இன்னும் 20 ஆண்டு ஓடும். அதன் மேல் உட்கார்ந்திருப்பவரும் முழுசாக இருக்க வேண்டும்.